இருநூற்றுப் பதினாலு சாமான்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: மகன் மோகனசுந்தரம், மருமகள் சுகந்தி, வெள்ளிக்கிழமை சிவகிரியிலிருந்து வந்து தங்கியிருந்த சுகந்தியின் அம்மா தெய்வாத்தாள், பிறகு சென்னியப்பன். ஆக, ஆள் நாலு. பேத்தி நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவள் கணக்கில் இல்லை. ஆனால் அவள் ஓட்டிப் பழகிய மூன்று சக்கர வண்டியும், குழந்தையாய் இருந்தபோது குளித்த பிளாஸ்டிக் தொட்டியும், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை வருஷத்துக்கு ஒன்றாகக் கட்டிப் போட்ட பத்துப் புத்தகக் கட்டுகளும் வீட்டில்தான் இருந்தன. அவை கணக்கில் உண்டு. பழனிவேல் ஆசாரி நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்து சேரும்வரை அவரும் ஆள் இல்லை. சாமான் இருநூற்றுப் பதினாலு.

இருநூற்றுப் பதினாலும் சமையலறைக்குப் பின்னால் இருந்த எட்டுக்கு ஏழு அறையில் கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும், இருந்தன என்று சொல்ல அவருக்கு மனசு வராது. கதவைத் தள்ளினால் ஒரு கால் வைக்கத்தான் இடம். காலை ஏழரைக்கு அந்த ஒரு காலை வைத்துக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, சென்னியப்பன் நின்றார். அடியில் தலையணை, மேலே அம்மிக்கல். யாராவது அப்படி ஏற்றுவார்களா? தலையணை செத்துப்போயிருக்கும். கல்யாண வீட்டில் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஏழு, ஏழும் பெட்டி பிரிக்காமல். அதில் ஒன்றுக்குள் பாட்டரி போட்டே கொடுத்துவிட்டார்கள் போல, எங்கோ அடியிலிருந்து டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, புதைத்த பிறகும் உயிர் போகாத மாதிரி. முதலில் அதைத் தேடி எடுத்து வாயை மூடவேண்டும். இல்லை, முதலில் அதைத் தேடக்கூடாது. தேட ஆரம்பித்தால் குலைக்க ஆரம்பித்துவிடுவோம், குலைத்தால் எண்ணிக்கை போச்சு. வாசலிலிருந்துதான் எடுக்கவேண்டும், லாரிக்குப் பின்கதவிலிருந்து எடுக்கிற மாதிரி. ஈரோட்டில் பார்சல் ஷெட்டில் முப்பத்தெட்டு வருஷம் லோடு ஏற்றினவருக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. படித்தது அஞ்சாவது. அதற்குமேல் படித்ததெல்லாம் லாரிக்குள்தான். கருப்பண மேஸ்திரி முதல் நாள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: கனம் அடியில, கண்ணாடி நடுவுல, கடைசியில எறங்கறது முதல்ல ஏறோணும். அப்புறம் சென்னியப்பன் ஏற்றி முடித்ததை மேஸ்திரி சுற்றிவந்து பார்த்து, மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டு ஆட்டிக் காட்டி, “ஏண்டா, காத்தை ஏத்திக்கிட்டு விஜயவாடா போறியா?” என்று கேட்டது. சுற்றி நின்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து காற்று என்றால் அவருக்குப் பகை. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாக அவர் பார்த்ததும் அதைத்தான். மூன்று சுவர் அலமாரி, நாலு லாஃப்ட், இரண்டு கட்டில், மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. எல்லாம் நிறைந்திருக்கிறது என்கிறாள் சுகந்தி. நிறையவில்லை கண்ணு, காத்து நெறஞ்சிருக்குது என்று சொல்லவேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் வாயிலிருந்து வந்தது.

வந்ததற்குக் காரணம் ஆசாரி. ஸ்டோர் ரூமில் நாலு சுவருக்கும் தரையிலிருந்து கூரைவரை பலகை அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சாப்பிடும்போது மோகன் சொன்னான். சென்னியப்பன் ரசத் தம்ளரைக் கீழே வைத்தார். பலகை அடித்துவிட்டால் அது என்றைக்கும் ஸ்டோர் ரூம்தான். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை, அவருக்கு மட்டும் நினைவிருந்தது, வெளியே துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறார். மேற்கு ஜன்னல். அவர் ஆறு வருஷமாக ஹாலில் திவானில் படுக்கிறார். பால்காரர் மணியடித்தால் முதலில் பார்ப்பது அவர் முகத்தை. சுகந்தியின் சிநேகிதிகள் வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய் நிற்பார். வேட்டி மாற்றக் குளியலறைக்குப் போகவேண்டும், ஈரத்தரையில் ஒற்றைக்காலில். அந்த வேட்டி இருக்கிற இடம் அதைவிட. டிவிக்குப் பக்கத்தில் சிறிய மேசை மாதிரி ஒன்று இருக்கிறது, மேலே பூப்போட்ட துணி, துணிமேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி. வந்தவர்கள் காப்பித் தம்ளரை அதில்தான் வைப்பார்கள். துணிக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் பித்தளை அண்டா, அண்டாவுக்குள் அவருடைய துணிமணி. அவருடைய மனைவி பாவாத்தாளின் அண்டா. அவள் போனபின் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தபோது கூடவே வந்தது. ஜாடியை எடுத்து, துணியை எடுத்து, பலகையை எடுத்து, ஒரு வேட்டியை உருவி, மறுபடி பலகை, துணி, ஜாடி. ஆறு வருஷம். யார்மேலும் குறையில்லை, சோறு சூடாகப் போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். அதைக் கேட்க வாய் வராது. கேட்டது வேறு மாதிரி வந்தது: “பலகை வேண்டாம் மோகனு. அத்தனையும் வீட்டுக்குள்ளயே அடுக்கீரலாம்.” சுகந்தி சிரித்தாள். “மாமா, ஒரு சாமானும் வெளிய போடக்கூடாதுங்க, எல்லாம் வேண்டிய சாமானு. ஹால்ல ஒண்ணு கூட வந்து நிக்கக்கூடாதுங்க.” “செரி கண்ணு.” “அப்புறம் அந்த ரூம் காலியாயிருமுங்களே, என்ன பண்றது?” அவர் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒரு கருவேப்பிலை. மோகன்தான் சொன்னான்: “அப்பா இருந்துக்கட்டும்.” சுகந்தி அவனைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, முகம் ஒருமாதிரி ஆகி, “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஆசாரி வாறாருங்க. அதுக்குள்ள முடிஞ்சா ரூம் உங்களுதுங்க மாமா” என்றாள். முடிஞ்சா.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் எண்ணினார். பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து, தொடாமல், கண்ணாலேயே. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. இருநூற்றுப் பதினாலு என்று மூன்றுமுறை வந்தது. ஒருமுறை பதிமூன்று வந்தபோது நோட்டை மூடிவிட்டார். இப்போதெல்லாம் இந்தத் தடுமாற்றம் உண்டு. போன மாதம் கடை வாசலில் நின்றுகொண்டு என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் அரை நிமிஷம் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தப்புகிறவனுக்கு வேறென்ன மிச்சம்? மறுநாள் எண்ணியபோது மறுபடி பதினாலு. தப்பியது அவர் இல்லை, முறத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த சல்லடை.

எட்டு மணிக்கு ஆரம்பித்தார். இடத்தைப் பார்த்து அடுக்குகிறவன் முட்டாள், மாசத்தைப் பார்த்து அடுக்கவேண்டும். கார்த்திகை அகல் நூற்றெட்டும் ஒரே டப்பா, டப்பா ஒன்று. அது வருஷத்தில் ஒரு நாள், ஆகவே லாஃப்ட்டில் உள்வரிசை. பொங்கல் பானை தையில், அதற்கு முன்வரிசை. கம்பளி ஐப்பசிக்கு, கட்டிலுக்கு அடியில் தலைமாட்டில். மேசை விசிறி பங்குனிக்கு, கால்மாட்டில். மிக்ஸி வந்தபிறகு அம்மிக்கல் எந்த மாசத்துக்கும் இல்லை, அது பொந்தின் கடைசி மூலைக்கு, கனம் அடியில. பேத்தியின் குளியல் தொட்டிக்குள் பத்துப் புத்தகக் கட்டும் செங்கல் மாதிரி உட்கார்ந்தன, ஒரு விரல் இடம்கூட மீதமில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றார். தொட்டி வாங்கும்போதே யாரோ புத்தகத்தை அளந்து வாங்கின மாதிரி. லாஃப்ட்டில் இருந்த பழைய சாமானையெல்லாம் இறக்கித் திருப்பி ஏற்றியபோது அவர் நினைத்தது சரியாகவே இருந்தது, பாதி காற்று. காலி அட்டைப்பெட்டிக்குள் காலி அட்டைப்பெட்டி. ஒன்பதரைக்கு அறுபத்திரண்டு. டிக் டிக் கடிகாரம் எழுபத்தொன்றாவதாகக் கையில் வந்தது. பாட்டரியைப் பிடுங்காமல் அலமாரியில் வைத்தார், பாவம், ஓடட்டும், கூட ஓடுகிறதற்கு ஒன்று வேண்டும். பதினொன்றுக்கு நூற்றுப் பதினெட்டு. முட்டி வலித்தது. வலி இருக்கட்டும், வலிக்கு இடம் தேடவேண்டியதில்லை. மோகன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே ஒரு கையில் செல்போனைப் பார்த்தான். “அப்பா, நான் ஏறறனுங்க, நீங்க சொல்லுங்க.” “நீ பிடி போதும். நீ ஏறுனா காத்து ஏறீரும்.”

தெய்வாத்தாள் சமையலறை வாசலில் முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா. இருபது வருஷமாகச் சம்பந்தம், இருபது வருஷத்தில் அவளிடம் அவர் நேராகப் பேசியது வாங்க, சாப்பிட்டீங்களா, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். அதுவும் வாசல் நிலையைப் பார்த்து. அவளும் அவரிடம் பேசமாட்டாள், அவர் காதில் விழுகிற மாதிரி மகளிடம் பேசுவாள். “ஏஞ் சுகந்தி, உங்க மாமனாரு வீட்டையே லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவாராட்ட இருக்குது?” “சும்மா இரும்மா.” “இல்ல, நானும் பாக்கறன், அவரு போற வாக்குல என்னையும் தூக்கி லாஃப்ட்ல வெச்சுருவாரு. நான் எந்த மாசத்துக்குச் சாமானுன்னு கேளு.” மோகன் சிரித்ததில் நாற்காலி ஆடியது. சென்னியப்பனுக்குக் காதுமடல் சூடானது, நூற்று நாற்பதா நூற்று நாற்பத்தொன்றா, போச்சு. இறங்கி நோட்டைப் பார்த்தார். குறுக்குக்கோடு இருபத்தெட்டு, தனிக்கோடு ஒன்று. நூற்று நாற்பத்தொன்று. கோடு பொய் சொல்லாது. ஆடிக்கும் ஐப்பசிக்கும் வருகிற சாமான் என்று சொல்லியிருக்கலாம், நல்ல பதில். எப்போதும் பதில் அரைமணி கழித்துத்தான் வரும் அவருக்கு, அதற்குள் சபை கலைந்திருக்கும். பாவாத்தாள் இருந்திருந்தால் சுடச்சுடக் கொடுத்திருப்பாள். அவள்தான் வீட்டுக்கு வாய், அவர் கை.

மதியம் சாப்பாட்டுக்கு முன் நூற்று எழுபத்தொன்று. சாப்பிட்டது என்ன என்று கேட்டால் சொல்லமாட்டார், கண் தட்டில் இருந்தாலும் கணக்கு பொந்தில் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து முக்கோணம், லாரிக்கு முக்கோணம் கிடையாது. அங்கேதான் கடைசி லோடு போகவேண்டும். இரண்டரைக்கு இருநூற்று ஆறு. மீதி எட்டு: சுகந்தியின் எவர்சில்வர் அண்டா ஒன்று, பித்தளைச் சாமான் ஏழு. பித்தளையில் தவலை ஒன்று, போசி மூன்று, தூக்குப்போசி ஒன்று, சொம்பு இரண்டு. அண்டாவைப் பொந்துக்குள் உருட்டி நிமிர்த்தினார், கூரையில் முட்டாமல் நின்றது. தவலையை அண்டாவுக்குள் இறக்கினார். தவலைக்குள் பெரிய போசி, அதற்குள் நடுப்போசி, அதற்குள் சிறுசு, அதற்குள் சொம்பும் சொம்பும், மேலே தூக்குப்போசி. அண்டா வாயோடு வாயாக மட்டம். இருநூற்றுப் பதினாலு. நோட்டில் கடைசிக் கோட்டைப் போட்டபோது பென்சில் முனை ஒடிந்தது, நிறைவேறின காரியத்துக்குத் தேங்காய் உடைத்த மாதிரி. எழுந்து போய் அறையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஜன்னல் இருந்தது. கொக்கியைத் தட்டித் திறந்தார், துரு உதிர்ந்து வெளிச்சம் தரையில் சதுரமாய் விழுந்தது. “ம்” என்று சொல்லிப் பார்த்தார். அறை “ம்” என்று திருப்பிச் சொன்னது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் காற்று நிறைந்த ஓர் இடத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. கருப்பண மேஸ்திரி, வா, வந்து கையை விட்டு ஆட்டிப் பார். இந்த மூலையில் திவான். இந்த ஆணியில் சட்டை. இந்தத் தாழ்ப்பாள்… தாழ்ப்பாள் இல்லை, இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது, பரவாயில்லை, ஓட்டை இருந்தால் தாழ்ப்பாள் வரும். மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம்.

“சுகந்தீ, இங்க வா சாமி” என்ற குரல் பொந்துப் பக்கமிருந்து வந்தது. தெய்வாத்தாள் பொந்துக்கு முன்னால் குனிந்து நின்றாள், முருங்கைக்காம்பு சேலையில் ஒட்டியிருந்தது. “இந்த அண்டாவுல என்ன பேரு வெட்டியிருக்குது, படி.” சுகந்தி குனிந்தாள். “எம் பேருதானம்மா.” “முழுசாப் படி.” “ரா. சுகந்தி. ரெண்டாயிரத்தி நாலு.” “உள்ள இருக்கற தவலையில?” “மு. பாவாத்தாள்.” “ஆ.” தெய்வாத்தாள் நிமிர்ந்தாள், இடுப்பில் கைவைத்தாள். “உங்கப்பன் போயி, பாத்துப் பாத்து வாங்கி, பேரு வெட்டிக் குடுத்த சீரு. சீரு அண்டாவுக்குள்ள வேற பேருச் சாமானை வெப்பாங்களா? நாளைக்கு உம் புள்ளைக்கு எடுத்துக் குடுக்கறப்ப எது சீரு, எது வீட்டுச் சாமான்னு எவ பிரிப்பா? நான் ஒண்ணுஞ் சொல்லலை. மொறையைச் சொல்லறன்.” சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெலித்த சந்தோஷம் இல்லை, அதுதான் அவரை இன்னும் சுட்டது. “மாமா, அம்மா சொல்றது…” “செரிதான் கண்ணு” என்றார் நிலையைப் பார்த்து. குனிந்தார். தூக்குப்போசி, சொம்பு, சொம்பு, சிறுசு, நடு, பெரிசு, தவலை. ஏழும் தரையில். இருநூற்று ஏழு.

தெரியும். அவருக்குத் தெரியும், தெரியாதது இல்லை, அதுதான் விஷயம். தெரிந்தே எப்படிச் செய்தார்? பேரைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார், வாயும் ஆழமும். இதே தப்பு. இதே தப்பை முப்பது வயதில் ஒருமுறை செய்திருக்கிறார். ஒரே லாரியில் நாலு பார்ட்டியின் துணிக்கட்டு, பேல் என்பார்கள், பேலுக்குப் பேல் பச்சையிலும் சிவப்பிலும் மார்க் போட்டிருக்கும். அவர் சைஸ் பார்த்து அடுக்கினார், கல்லுமாதிரி அடுக்கினார், கத்தி நுழையாது. அங்கே போய் இறக்கினவர்கள் ஒரு பகல் முழுக்கப் பச்சையையும் சிவப்பையும் பிரித்துக்கொண்டு நின்றார்களாம். கருப்பண மேஸ்திரி அன்றைக்குத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், “சைஸ் உனக்குத் தெரியுதுடா சென்னி. மூட்டை யாருதுன்னு தெரியாம அடுக்கறவனுக்கு லாரி எதுக்கு?” அதற்குப் பிறகு முப்பது வருஷம் மார்க்கைப் பார்க்காமல் கை வைத்ததில்லை. இன்றைக்கு வைத்தார். வயசு. கடை வாசலில் நின்ற அரை நிமிஷம். அது இங்கே வரைக்கும் வந்துவிட்டது, உள்ளே எங்கோ யாரோ ஒவ்வொரு கோடாக ரப்பர் வைத்து அழிக்கிற மாதிரி. ஏழு பித்தளையும் தரையில் அவரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. அண்டாவைப் பொந்திலிருந்து எடுத்தால் ஏழும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தவலையளவில் பொந்துக்குள் போய்விடும். அண்டா எங்கே போகும்? அண்டா அண்டாதான். லாஃப்ட்டில் நாலிலும் கூரை இடிக்கும். கட்டிலுக்கு அடியில் உயரம் போதாது. அலமாரியில் தட்டு குறுக்கே நிற்கும். ஹாலில் ஒன்றும் வரக்கூடாது. மறுபடி, லாஃப்ட் இடிக்கும், கட்டில் போதாது, தட்டு குறுக்கே, ஹால் கூடாது. மறுபடி. அலமாரிக்குள் கடிகாரம் ஓடுவது இங்கே கேட்டது. மூன்று பத்து. நாலு சுவருக்கும் பலகை. பலகையில் இந்தச் சாமானெல்லாம் ஏறி உட்கார்ந்து ஜன்னலை மூடிக்கொள்ளும். அவர் திவானில் உட்கார்ந்து ஜாடியைத் தூக்கி, துணியைத் தூக்கி, பலகையைத் தூக்கி…

அங்கே நினைப்பு நின்றது. லாரி குழியில் ஒரு சக்கரம் இறங்கி நிற்கிற மாதிரி நின்றது. பலகையைத் தூக்கினால் என்ன தெரியும்? அண்டா. மு. பாவாத்தாள், எழுபத்தைந்து. ஹாலில் ஏற்கெனவே நிற்கிறது, புதிதாக வந்து நிற்கப்போவதில்லை. இருநூற்றுப் பதினாலில் அது இல்லை. அதை அவர் சாமானாகவே எழுதவில்லை, மேசை என்று நினைத்துவிட்டார், அவரும். அதற்குள் என்ன இருக்கிறது? அவர் துணி. துணிக்கு மேலே காற்று! ஆறு வருஷமாக டிவிக்குப் பக்கத்தில் அரை அண்டா காற்றை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காற்று தேடியிருக்கிறார். ஏழு பித்தளையும் பண்டிகைக்குப் பண்டிகை வேண்டும், அவற்றை இதில் போட்டால் மாசாமாசம் மேசையைப் பிரிக்கவேண்டும், சீர் அண்டாவோ பேத்தி கல்யாணம்வரை அசையாது. எழுந்தார். முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. தோள்துண்டை எடுத்துப் பொந்துக்குப் போனார். தெய்வாத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி கீரை உருவிக்கொண்டிருந்தாள், காவலுக்கு மாதிரி. அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி, அண்டா வாயில் துண்டை விளிம்புக்கு விளிம்பு பிடித்து முடிச்சுப் போட்டார். உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. அவள் கீரையை விட்டுவிட்டுப் பார்த்தாள். அண்டாவுக்குப் பக்கத்தில் பிடிக்கிற காது இல்லை, நல்லவேளை, இடிக்காது. ஹாலுக்குப் போனார். ஜாடி, துணி, பலகை. பித்தளை வாயில் துண்டை வைத்தார். முடிச்சு உள்ளே விழுந்தது. பக்கத்துக்கு ஒரு விரல் மீதி. உயரத்துக்கு இரண்டு விரல் மீதி. நம்பாமல் மறுபடி அளந்தார். அதே ஒன்று, அதே இரண்டு.

ஆனால் முறை? முறை இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, கீரை உருவிக்கொண்டு. பாவாத்தாளின் அண்டாவும் சீர்தான். அவள் அப்பன் முத்துக்கவுண்டர் பெருந்துறைச் சந்தையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது. அந்த மு. இன்னும் அதில் இருக்கிறது, நாற்பத்தி மூன்று வருஷம் அவரோடு வாழ்ந்தும் அந்த எழுத்து செ. ஆகவில்லை, அதை யாரும் மாற்றச் சொன்னதும் இல்லை. சீர் அண்டாவுக்குள் வேறு பேர்ச் சாமான் போகலாமா? அவள் இல்லை, கேட்க முடியாது. கேட்க முடியாதா? முன்பு வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கும் அதுதான் கல்யாண அண்டா. காதுகுத்து, சீமந்தம், எழவு, எல்லாவற்றுக்கும் போய் வரும். ஒருமுறை அவர்தான் முனகினார், ஊர்ச் சாமானாய்ப் போச்சு உன் சீரு என்று. அவள் கரியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “சும்மா கெடந்தா காத்து பூந்து ஊளையிடுதுங்க. எதையாச்சும் போட்டு வெச்சாத்தான் அண்டா.” சொல்லியிருக்கிறாளே. அவளே சொல்லியிருக்கிறாள். இனி ஒரே ஒருவரிடம்தான் கேட்கவேண்டும். சுகந்தியிடம் சொல்லிச் சுகந்தி கேட்கலாம். மோகனிடம் சொல்லலாம். மணி மூன்றரை. சென்னியப்பன் பொந்துக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, வாசல் நிலையைப் பார்த்தார். நிலை அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்தார். மூக்குத்தி ஒன்பது கல் என்று கண் தன்னால் எண்ணியது. இருபது வருஷத்தில் இப்போதுதான் தெரிகிறது.

“ஏனுங் சம்பந்தி, ஒண்ணு கேக்கோணுமுங்க” என்றார். சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம். மோகன் செல்போனைக் கீழே வைத்தான். “கேளுங்க” என்றாள் தெய்வாத்தாள், கீரையை ஒதுக்கிவிட்டு. “உங்க சீரு அண்டாவுக்குள்ள எங்க சாமான் வரக்கூடாது. செரிங்க, எந் தப்புத்தானுங்க. எங்க அண்டாவுக்குள்ள உங்க சீரு வரலாமுங்களா?” “எந்த அண்டா?” அவர் ஹாலைக் காட்டினார். அவள் எழுந்து வந்தாள். துணியும் பலகையும் இல்லாத அண்டாவை முதல்முறையாகப் பார்த்தாள், வெட்டின பேரை விரலால் தடவினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். மடித்து வைத்த வேட்டியும் சட்டையும். “இதுக்குள்ளயா வெச்சிருக்கறீங்க? ஆறு வருசமா?” சுகந்தி சுவரைப் பார்த்தாள். “நான் இதுமேல காப்பித் தம்ளர வெச்சிருக்கறனே” என்றாள் தெய்வாத்தாள், தன்னிடமே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு குரல் பழையபடி ஏறியது. “இதுல என்ன மொறை இருக்குதுங்? எம் பொண்ணே உங்க வீட்டுக்குள்ளதான இருக்கறா. அண்டா இருந்தா என்ன? உங்க வீட்டம்மா இருந்தா என்னங் சொல்வாங்க, அதைச் சொல்லுங்க.” “எதையாச்சும் போட்டு வெச்சாத்தான் அண்டான்னு சொல்வாளுங்க” என்றார். பதில் அரைமணி எடுக்கவில்லை. “அப்ப போடுங்க” என்றாள். மோகன் அவசரமாக எழுந்தான். “மாமியாளும் மருமகளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கறது இப்பத்தானுங் அத்தை.” “உங்களுக்கு வாய் நீளமாயிட்டே போகுது, அண்டாவைப் பிடிங்க முதல்ல” என்றாள் சுகந்தி. அவர் துணிகளை அள்ளித் திவானில் வைத்தார். எவர்சில்வரைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டைக் கட்டினார், பித்தளையில் கீறல் விழக்கூடாது. மோகனும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்கினார்கள். பாதியில் ஒரு கணம் சிக்கியது, நாலு பேரும் மூச்சுவிடவில்லை, அவர் அரை விரல் திருப்பினார். கும் என்று அடியில் போய் உட்கார்ந்தது. பலகை, துணி, ஜாடி. மேசை பழைய மேசை. பொந்தில் ஏழு பித்தளையும் தவலைக்குள் அடங்கிப் போய்ச் சேர்ந்தன, சேர்ந்தபிறகும் மேலே ஒரு முழம் இடம் மீதம். அவர் கையை விட்டு ஆட்டிப் பார்த்தார். இருக்கட்டும். பேத்தியின் சீருக்கு.

நாலு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது பழனிவேல் ஆசாரி வந்தார், காதில் பென்சில், கையில் டேப். ஆள் அஞ்சு. “எந்த ரூமுங்க, நாலு சொவரும் பலகைன்னு சொன்னாங்க.” சுகந்தி முன்னால் போய் அறைக்கதவைத் திறந்து காட்டினாள். வெளிச்சம் தரையிலிருந்து ஏறி எதிர்ச்சுவருக்கு வந்திருந்தது. அவளே அந்த ஜன்னலை அப்போதுதான் பார்க்கிறாள் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது, வாசலில் ஒரு நொடி நின்றாள். “பலகை வேண்டாமுங்க” என்றாள். “உள்பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாள் போடோணும். ஜன்னலுக்கு ஒரு கொக்கி. துணி மாட்ட ஒரு கட்டை, மாமா கை எட்டற உயரத்துல. மாமா, வந்து கைய நீட்டுங்க, அளக்கட்டும்.” அவர் கையை நீட்டினார். ஆசாரி அளந்தார். மோகன் திவானைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் நோட்டைத் திருப்பி, எது எங்கே என்று எழுதிய பக்கத்தைச் சமையலறைக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிடச் சொன்னார். “எடுத்தவுங்க எடுத்த எடத்துல வெக்கோணும்” என்றார், எல்லாருக்கும் பொதுவாக, சத்தமாக. “வெக்கறமுங்க மேஸ்திரி” என்றாள் தெய்வாத்தாள் முருங்கைக்கீரை முறத்தை எடுத்துக்கொண்டு. இந்தமுறை எல்லாரும் சிரித்ததில் அவரும் இருந்தார்.

பிறகு அவர் துணிகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார், முதுகால் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் நாளைக்கு வரும், இன்றைக்கு முதுகு போதும். அறையில் ஒன்றும் இல்லை, திவானைத் தவிர. திவான்மேல் ஒவ்வொன்றாக வைத்தார், அவசரமில்லாமல், மடிப்பு கலையாமல். வேட்டி நாலு. சட்டை அஞ்சு. துண்டு மூணு. பனியன் வெளியே கொடியில் காய்கிறது, அது கணக்கில் இல்லை. இருநூற்றுப் பதினாலும் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதம் பன்னிரண்டு.